நாற்பது வீட்டில் ஒரு சிவப்பு

வான்துறை வாரியத்தின் அறிவிப்பு வந்த அன்று ஊசிக்கல்வலசு முழுக்கக் கன்னிமார் கோயில் வேம்படியில் கூடியிருந்தது. ஊருக்காக வாதாடும் வக்கீல் கலைமதி நடுவில் நின்று வாசித்தார். ஊரில் நிலமுள்ள வீடுகள் நாற்பது. அவற்றில் முப்பத்தொன்பது வீட்டார் தங்கள் நிலத்தைக் கொடுக்க மனமார இசைந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வீடு இசையவில்லை. வீட்டின் பெயர் ரகசியம்.

ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு சொன்னார்கள், அந்த ஒரு வீடு எங்களுடையதுதான் என்று.

செங்கோடன் மட்டும் சொல்லவில்லை. அது தம்முடைய வீடுதான் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நின்றார். கடைசியில் அவர் பார்வை மைத்துனன் மாரப்பன் மேல் போய் நின்றது.

"ஏனுங் வக்கீலம்மா, மாட்டோம்னுதானுங்க வாயத் தொறந்து சொன்னோம்," என்றான் மாரப்பன். "கையில கட்டுன அந்தக் காப்பு எப்புடீங்க மாத்திச் சொல்லும்?"

"வாய் சொல்றத அது கேக்கவே கேக்காதுங்கண்ணா," என்றார் கலைமதி. "முன்னாடியெல்லாம் கையெழுத்துதான். மிரட்டி வாங்கினாங்க. செத்துப்போனவங்க பேர்லகூட வாங்கினாங்க. கோர்ட்டுல ஒவ்வொரு வழக்கா தோத்தாங்க. கடைசியில வாயும் வேண்டாம் கையெழுத்தும் வேண்டாம், மனசையே கேட்ருவோம்னு சட்டம் வந்துச்சு. நல்ல எண்ணத்துலதான் வந்துச்சு. நாடி, வேர்வை, ரத்த ஓட்டம் எல்லாத்தையும் காப்பு பாக்கும். கேள்வி கேக்கும்போது மனசு இறுகினா சிவப்பு. இளகினா பச்சை. நூத்துக்கு எழுபது வீடு பச்சையா இருந்தா நிலத்தை எடுத்துக்கலாம்."

பெண்கள் பக்கமிருந்து செங்கோடனின் மனைவி நல்லம்மாள் கேட்டாள்: "எதுக்கு எளகுச்சுன்னு அது கேக்குமுங்களா?"

"நீ சும்மா இரு," என்றார் செங்கோடன். "எளகுனவனுக்குத் தெரியும் எதுக்கு எளகுச்சுன்னு."

வக்கீல் மட்டும் நல்லம்மாளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார்.

எடுக்கப்போவது எல்லாம் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி கட்டி, ஏர் படாமல், மாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த நிலம். மழை பொய்த்த வருடங்களில்கூட அந்தப் புல்தான் ஊரைக் காப்பாற்றியது. வேலியெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிமெண்ட் தளம் போட்டு, ஆளில்லாத சரக்கு வானூர்திகள் இறங்க ஒரு துறை கட்ட வேண்டும் என்பது வாரியத்தின் திட்டம். செங்கோடனுக்கு எட்டு மாடுகள். வேறு தொழில் தெரியாது. காடு போனால் மாடு போகும். மாடு போனால் அவர் பக்கத்து ஊர் நூல் ஆலையின் வாசலில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"சூடம் ஏத்துங்க," என்றார் அவர். "ஒவ்வொருத்தரா வந்து அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். கன்னிமாருக்கு முன்னால எவன் பொய் சொல்றான்னு பாத்துப்போடலாம்."

அத்தனை பேரும் வந்தார்கள். உள்ளங்கையால் சூடத்தை அணைத்து, என் மனசுல சம்மதமில்லை தாயே என்று சத்தியம் செய்தார்கள். மாரப்பனும் செய்தான். செய்துவிட்டு மச்சானை நேருக்கு நேர் பார்த்தான்.

செங்கோடன் வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். காப்பு ஒன்று சொல்கிறது, சூடம் ஒன்று சொல்கிறது. சாமியைச் சந்தேகிக்க அவருக்கு மனம் வரவில்லை. காப்பைச் சந்தேகிக்கவும் வரவில்லை. தம்மைப் பொறுத்தவரை அது சரியாகத்தானே சொல்லியிருக்கிறது? மிச்சம் இருந்தவர்கள் மனிதர்கள். அவர்களைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது.

சித்திரை வெயிலில் அந்தப் பெண் வந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ரெஜினா என்று பெயர். நாகப்பட்டினத்துப் பக்கமாம். வாரியத்தின் நீலச் சட்டை, தோளில் பை, வெடித்த உதடு. செங்கோடன் வீட்டு முள்படலுக்கு வெளியே வந்து நின்று வணக்கம் சொன்னாள். நல்லம்மாள் வழக்கம்போலச் சொம்போடு புறப்பட்டாள். யார் வந்தாலும் முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு என்பது அந்த ஊர் வழக்கம். சண்டைக்கு வந்தவனுக்கும் அப்படித்தான். கொடுத்தவர் எதிரே நின்று, குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"உள்ள போ," என்று மனைவியை அதட்டினார் செங்கோடன். படலைத் திறக்காமலேயே அதன் மேல் கையை நீட்டினார். "கட்டு. கேளு. மாட்டேன். கழட்டிக்கிட்டுக் கெளம்பு."

அந்தப் பெண் கழற்றிக்கொண்டு கிளம்பினாள். போகும்போது கட்டுத்தரைத் தொட்டியில் மாடு தண்ணீர் குடிப்பதை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அன்று அதை ஒரு வெற்றியாகத்தான் செங்கோடன் நினைத்தார்.

அறிவிப்பு வந்த பிறகு ஊர் ஊராக இல்லை. மாரப்பன் கட்டுத்தரைக்குப் புதுத் தகரம் போட்டான். தகரம் எங்கிருந்து வந்தது என்று செங்கோடன் யோசித்தார். மாரப்பன் காங்கயத்துக்குப் போய்விட்டு வந்தான். யாரைப் பார்க்கப் போனான் என்று யோசித்தார். இருவருக்கும் பொதுவான பங்குக் கிணற்றில், தம் முறை முடிந்ததும் மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என்ற தம்பி அப்பிடிப்பட்டவனில்லீங்க," என்றாள் நல்லம்மாள்.

"உன்ற தம்பிதான் சூடத்தை அணைக்கறப்பக் கைய வெடுக்குனு எடுத்தான். நாம் பாத்தேன்."

"சுட்டா எடுக்க மாட்டாங்களா?"

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். பால் ஊற்றுகிற இடத்தில் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள். கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கிற ஆடி வெள்ளி வந்தது. உலை ஏற்றும் முதல் பானை யாருடையது என்ற பேச்சில் பொங்கலே நின்றுபோனது. வாரியம் இன்னும் ஊருக்குள் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. அதற்குள் வீட்டுக்கு வீடு ஒரு வேலி முளைத்துவிட்டது. அதில் ஆடுகூட நுழைய வழியில்லை.

ஆவணியில் வழக்கு கோவையிலுள்ள நிலத் தீர்வு மன்றத்துக்கு வந்தது. ஒரே பேருந்தில்தான் போனார்கள். ஆனால் இருவர் இருக்கும் இருக்கைகளில் ஒவ்வொருவராக உட்கார்ந்து போனார்கள். நல்லம்மாள் மடியில் மூடி போட்ட பித்தளைச் சொம்பு.

"கோர்ட்டுல தண்ணியில்லாமயா போயிருச்சு?" என்றார் செங்கோடன்.

"இருக்கட்டுமுங்க," என்றாள்.

மன்றத்தில் நடுவராக இருந்தவர் நரைத்த தலையுடைய ஓர் அம்மாள். அரசு வக்கீல் திருவேங்கடம் எழுந்து, காப்பு நடுநிலையானது என்பதை நிரூபிக்க அந்த ஒரு சிவப்பு வீட்டின் பெயரை மட்டும் வெளியிட அனுமதி கேட்டார். இசையவில்லை என்று வெளியே தெரிவதால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நடுவர் அனுமதித்தார்.

"ஊசிக்கல்வலசு செங்கோடன்."

செங்கோடன் எழுந்தார். அவர் இத்தனை மாதமும் காத்திருந்த கணம் இதுதான். ஊர்க்காரர்களின் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். தலைகள் குனிந்திருந்தன. நல்லம்மாளின் தலையும் குனிந்திருந்தது. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

கூண்டில் ஏறியதும் அவர் கையில் காப்பைக் கட்டினார்கள். வழக்கமாக அதன் விளக்கு மூடியிருக்கும். அன்று எல்லாரும் பார்க்கட்டும் என்று மூடியைத் திறந்துவைத்தார்கள்.

"நிலத்தைக் கொடுக்கச் சம்மதமா?" என்றார் திருவேங்கடம்.

"மாட்டேனுங்க."

விளக்கு மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்தது. மன்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

"காப்பு உங்க மனசைச் சரியாச் சொல்லுதா?"

"துளி பெசகாமச் சொல்லுதுங்க."

"சித்திரையிலயும் சரியாத்தான் சொல்லிச்சு?"

"ஆமாங்க."

"அப்படின்னா, மத்த வீட்டுக்காரங்க மனசையும் சரியாத்தானே சொல்லியிருக்கும்?"

அப்போதுதான் செங்கோடனுக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தது. வாரியம் தம்மை எதிரியாகக் கூப்பிடவில்லை, சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறது. இல்லை என்று சொல்லலாம். ஆனால் மூன்றாவது வரிசையில் மாரப்பன் உட்கார்ந்திருந்தான். அந்தப் புதுத் தகரம் நினைவுக்கு வந்தது.

"சொல்லியிருக்குமுங்க," என்றார்.

வக்கீல் கலைமதி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"இந்த ஒருத்தர் போதும், அம்மா," என்று உட்கார்ந்தார் திருவேங்கடம். காப்பைக் கழற்ற வந்த வாரிய ஆளை நடுவர் தடுத்தார். இன்னொரு தரம் பார்க்க வேண்டியிருக்கும், அவர் கையிலேயே இருக்கட்டும், அவரும் அங்கேயே நிற்கட்டும் என்றார்.

கலைமதி, அளக்க வந்த பெண்ணை அழைத்தார். எதிர்க் கூண்டில் ரெஜினா ஏறி நின்றாள். நீலச் சட்டை அதேதான். தொண்டை கட்டியிருந்தது, பேசத் தொடங்கும் முன்பே இருமினாள்.

"ஊசிக்கல்வலசுல உங்களுக்கு யாராவது தண்ணி குடுத்தாங்களா?"

"இதுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று திருவேங்கடம் எழுந்தார்.

"இருக்குன்னு நினைக்கிறேன். இதே ஊர்க்காரம்மா ஒருத்தர் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. அதுல இருந்து எனக்குத் தூக்கமில்லை," என்றார் கலைமதி. நடுவர் தலையசைத்தார்.

"குடுத்தாங்கம்மா," என்றாள் ரெஜினா. "போனதும் தண்ணிதான். உள்ள நுழைஞ்சதுமே காப்பைக் கட்டிடணும்னு எங்களுக்கு விதி. கட்டின கையோடதான் சொம்பை எடுத்துட்டு வருவாங்க. 'குடிச்சுட்டுப் பேசலாம் அம்மிணி'ம்பாங்க. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் மூஞ்சியையே பாத்துட்டு நிப்பாங்க. அதுக்கப்புறம்தான் கேக்கவே விடுவாங்க."

"கேட்டதுக்கு என்ன சொன்னாங்க?"

"குடுக்க மாட்டோம்னுதான் சொன்னாங்க. ஆனா திட்டிச் சொல்லலை. 'கோவிச்சுக்காத அம்மிணி, நெலம் மட்டும் கேக்காத, இன்னொரு சொம்பு கொண்டாரட்டுமா'ன்னாங்க." அவள் வரிசைகளைப் பார்த்தாள். "அந்தா, மூணாவது வரிசையில இருக்காரே, அவரு வீட்டுக்குப் போறப்ப என் செருப்பு வாரு அறுந்துடுச்சு. கையை நீட்டுங்கன்னேன். அவரு அவரோட பொண்ணு செருப்பை நீட்டினாரு. இப்பக் கால்ல போட்டிருக்கிறது அதுதான்."

மாரப்பன் கூச்சத்தோடு கூரையைப் பார்த்தான்.

முப்பத்தொன்பது பச்சையும் எங்கிருந்து வந்தன என்று இப்போது குழந்தைக்கும் புரியும். தம் ஒரு சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதும் புரியும்.

"எல்லா வீட்லயும் குடுத்தாங்களா?" என்றார் கலைமதி.

"ஒரு வீடு தவிர."

"எந்த வீடு?"

ரெஜினா தலையைத் தூக்கினாள். எதிர்க் கூண்டில் நின்ற செங்கோடனை நன்றாகப் பார்த்தாள். அவள் மறக்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு நடுவர் பக்கம் திரும்பினாள்.

"ஞாபகமில்லைங்கம்மா," என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் இருமல் வந்தது. இந்த முறை அது விடவில்லை. கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மேசைமேல் இருந்த தம்ளர் காலியாக இருந்தது. வாரியத்தின் வக்கீல்கள் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள், யாரும் எழவில்லை.

செங்கோடன் கூண்டைவிட்டு இறங்கினார். டவாலிச் சேவகன் கையை நீட்டித் தடுத்தான். அவர் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. நல்லம்மாள் ஏற்கெனவே எழுந்து சொம்பை நீட்டிக்கொண்டிருந்தாள். வாங்கி, மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"குடி அம்மிணி."

அவள் அண்ணாந்து குடித்தாள். அவர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. எல்லாரும் செங்கோடனின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். விளக்கு, மழைக்குப் பிந்திய கொழுக்கட்டைப் புல் மாதிரி பச்சையாக இருந்தது.

"செங்கோடன்," என்றார் நடுவர், மெல்ல. "இப்போது நிலத்தைக் கொடுக்கச் சம்மதமா?"

"உசுரு போனாலும் குடுக்க மாட்டனுங்க," என்றார் செங்கோடன், திரும்பாமலேயே. "இன்னுங் கொஞ்சம் இருக்குது, குடிச்சுப்போடு கண்ணு."

பச்சை மாறவில்லை.

"இது நாடகம்!" என்று திருவேங்கடம் எழுந்தார். நடுவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். "வாய் நாடகம் ஆடும், நாடி ஆடாது என்பதுதானே உங்கள் வாதம்?" என்று கேட்டார்.

அளவை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. திரும்பும் பேருந்தில் இருக்கைகள் நிறைந்திருந்தன. பேச்சும் சிரிப்புமாக இருந்தது. செங்கோடன் மட்டும் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து வந்தார். மாரப்பனின் பின்தலை இரண்டு வரிசைக்கு முன்னால் தெரிந்தது. மூன்று முறை எழுந்திருக்கப் பார்த்தார். மன்றத்தில் எல்லார் முன்னாலும் 'சொல்லியிருக்குமுங்க' என்று சொன்னது நினைவுக்கு வர, மூன்று முறையும் உட்கார்ந்துகொண்டார்.

வாரியமும் விட்டுவிடவில்லை. மறுபடி அளக்கச் சட்டத்தில் இடமிருந்தது. ரெஜினாவை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கலைமதி சொன்னார். இனிமேல் அளக்கப் போகிறவர் எந்த வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று முதலில் விதி போட்டார்களாம். பிறகு, தாகமே எடுக்காத ஒன்றை அனுப்பிவிட்டால் விதியே வேண்டாமே என்று யோசித்திருக்கிறார்கள்.

பங்குனிக் கடைசியில் அது வந்தது. கன்றுக்குட்டி உயரம், நாலு சக்கரம், ஒற்றைக் கண், கையை நுழைக்க முன்னால் ஒரு வளையம். எந்த மனிதரும் கூட வரவில்லை. வீட்டுக்கு வீடு வாசலில் போய் நின்று, வழவழப்பான பெண் குரலில் பேசியது.

"வணக்கம். கையை நுழைக்கவும்."

நுழைத்தார்கள், மாட்டோம் என்றார்கள், எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். யாரும் சொம்பை எடுக்கவில்லை. யாருக்கு எடுப்பது? அன்று ஊரில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. இருந்தும் நல்லம்மாள் காலையிலிருந்து அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். வந்தவரை இப்படி அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை.

செங்கோடன் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். படல் திறந்தே கிடந்தது. அவர் கையை வளையத்துக்குள் விட்டார்.

"அளவை தொடங்குகிறது," என்றது அது. பிறகு குரல் இழுத்துக்கொண்டது. "சூடு அதிகமாக உள்ளது. சற்றுப் பொறுக்கவும்… சற்றுப்… பொறுக்கவும்…"

அதன் முதுகிலிருந்து அனல் அடித்தது. உள்ளே ஏதோ ஒன்று இளைத்துக்கொண்டிருப்பதுபோல் சத்தம் வந்தது. காலையிலிருந்து வாசல் வாசலாக நின்றிருக்கிறது; எவரும் நிழலுக்கு வா என்று சொல்லவில்லை.

செங்கோடன் அக்கம்பக்கம் பார்த்தார். வேலிக்கு அப்பால் மாரப்பன் புல் அறுத்துக்கொண்டிருந்தான். நின்று பார்த்தான்.

"இது உசுரில்லாததுங்க," என்றாள் நல்லம்மாள், மெதுவாக. அவரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா, சோதிப்பதற்காகச் சொன்னாளா, தெரியவில்லை.

"தெரியுது. அதுக்காக வெயில்ல கெடக்கட்டும்ங்கறியா?" வளையத்தில் இருந்த கையை எடுக்காமலே, மறு கையால் அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தார். "வா சாமி, இக்கட்டால வா." வெள்வேல மர நிழலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நல்லம்மாள் சாக்கை நனைத்துக்கொண்டு ஓடிவந்தாள். வெக்கை தாங்காத கன்றுக்குப் போடுவதுபோல அதன் முதுகில் போர்த்தினார்கள். இளைப்புச் சத்தம் கொஞ்சங்கொஞ்சமாக அடங்கியது.

"நன்றி," என்றது குரல். "நிலத்தைக் கொடுக்கச் சம்மதமா?"

"மாட்டேன்," என்றார் செங்கோடன், சாக்கின் விளிம்பை இழுத்துவிட்டபடி. "பொழுது சாஞ்ச பொறகு போ. இப்பப் போகாத."

முடிவு வைகாசியில் வந்தது. நாற்பது வீடுகளில் முப்பத்தொன்பது சிவப்பு. திட்டம் கைவிடப்பட்டது. ஒரே ஒரு வீடு மட்டும் மனமார இசைந்திருந்தது. வீட்டின் பெயர் ரகசியம்.

வேம்படியில் கலைமதி அதை வாசித்தார். இந்த முறை எவரும் எவரையும் திருட்டுத்தனமாகப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் நேராகவே செங்கோடனைப் பார்த்தார்கள். எங்கோ ஒரு மூலையில் சிரிப்புத் தொடங்கியது.

சாயந்திரம் படலுக்கு வெளியே செருமல் சத்தம் கேட்டது. மாரப்பன் நின்றிருந்தான். ஒரு வருடமாக அவன் அந்த வாசலுக்கு வந்ததில்லை.

"ஏனுங் மச்சான்," என்றான், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. "ஊருல ஒரு பச்சை இருக்குதாமா. ஆருன்னு விசாரிச்சுப் பாத்தீங்களா? சூடம் ஏத்தச் சொல்லட்டுங்களா?"

செங்கோடன் இடுப்பிலிருந்து மோட்டார் அறைச் சாவியை எடுத்து மாரப்பன் கையில் வைத்தார். திரும்பி உள்ளே போனார். நல்லம்மாள் சொம்பை எடுக்கப் போனவள், அவர் வருவதைப் பார்த்து விலகி நின்றுகொண்டாள். அவரே மொண்டு கொண்டுவந்தார்.

"மொதல்ல தண்ணியக் குடி, மாப்ள," என்றார்.

மாரப்பன் குடித்தான். செங்கோடன் எதிரே நின்று, கடைசிச் சொட்டு இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.